மெதுவா வாங்க, நாங்க மேலே இருக்கோம்

விக்கிரவாண்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்த இளைஞர் செஞ்சிக்கோட்டைக்குப் போய்வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை, நண்பர்களோடு, பைக்கில். கூடவே மனைவியின் தம்பியையும் அழைத்துப் போயிருக்கிறார். பையன் பதினொன்றாம் வகுப்பு. மலை என்று எதிலும் அதுவரை கால் வைத்ததில்லை.

"பாதியிலயே உக்காந்துட்டான் சார். ஸ்டாமினா இல்ல. நீ மெதுவா வாடா, நாங்க மேல இருக்கோம்னு சொல்லிட்டு ஏறிட்டோம்."

ஏறியவர்கள் உச்சியில் படம் எடுத்திருக்கிறார்கள், வீடியோ எடுத்திருக்கிறார்கள், காற்று வாங்கியிருக்கிறார்கள். இறங்கி வந்தால் விட்ட இடத்தில் பையன் இல்லை. அவன் தனியாக இறங்கி, அடிவாரத்தில் ஒரு மரத்தடியில் வாந்தி எடுத்துக் கிடந்திருக்கிறான். திரும்பும் வழியில் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள். "ஒரு பாட்டில் ஏத்துனாங்க, சரியாப் போச்சு" என்று கதையை முடித்துவிட்டுப் பாயசம் கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெம்பு எங்க இருக்குது?" என்றார் ஒரு பெரியவர். அந்தப் பையனை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

என் கோபம் அந்த இளைஞர் மீது மட்டும் இல்லை. அந்தப் பந்தி முழுவதும் நம்பியது ஒன்றைத்தான். மலையில் முன்னால் போகிறவன் தலைவன். பின்னால் வருகிறவன் சுமை. யார் வேகமாக ஏறுகிறாரோ அவருக்கே வழிகாட்டத் தகுதி. பின்தங்கியவர் மூச்சைத் தேற்றிக்கொண்டு வந்து சேர வேண்டும். சேரவில்லை என்றால் அது அவர் உடம்பின் குற்றம், மனதின் குற்றம். நம் ஊர்ப் பக்கம் செஞ்சிக்குப் போகிறவர்கள், பர்வதமலைக்குப் போகிறவர்கள், திருவண்ணாமலையில் ஏறப் பார்க்கிறவர்கள், எல்லார் வாயிலும் இது இருக்கிறது. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இல்லை. இது முழுப் பொய். பொய் என்பதைவிட மோசம், ஆளைக் கொல்லக்கூடிய பொய்.

இதற்குப் பதில் தேடி நான் இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்தால் நம் தெருவிலேயே பதில் நிற்கிறது. அவர் பெயர் குருசாமி.

முதல் தடவை சபரிமலைக்கு மாலை போடுகிறவர் கன்னிசாமி. அவரை அழைத்துப் போகிறவர் குருசாமி. குருசாமி ஆவதற்கு என்ன தகுதி கேட்கிறார்கள்? நீலிமலையை எத்தனை நிமிடத்தில் ஏறுவார் என்றா? பதினெட்டு வருஷம் போய் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பதினெட்டாவது வருஷம் தென்னங்கன்றைச் சுமந்துபோய் நட்டுவிட்டு வருகிறவரை ஊர் குருசாமி என்று கும்பிடுகிறது. அப்போது அவருக்கு வயது ஐம்பதோ அறுபதோ ஆகியிருக்கும். கூட்டத்தில் அவரைவிட வேகமாக ஏறக்கூடியவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவரையும் யாரும் குருசாமி என்று அழைப்பதில்லை.

எங்கள் பகுதிக் குருசாமி சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலிக்காரர். அவர் கன்னிசாமிகளை நடத்திக்கொண்டு போவதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஏற்றத்தில் சின்னப் பையனைத் தனக்கு முன்னால் விடுவார். தான் இரண்டு படி கீழே வருவார். பையனின் கெண்டைக்காலை விட்டு அவர் பார்வை அகலாது. கால் லேசாக நடுங்கத் தொடங்கியதும், பையன் வாயைத் திறப்பதற்கு முன்னால், "சாமி, எனக்கு முட்டி வலிக்குது, கொஞ்சம் உக்காருவோம்" என்று தானே உட்கார்ந்துவிடுவார். பையனும் உட்காருவான். ஓய்வு கேட்டவன் என்ற பெயர் அவனுக்கு வராது. "முன்னால போனா எனக்கு என்ன சாமி தெரியும்? பின்னால இருந்தாத்தான் கால் தெரியும்" என்று ஒருமுறை சொன்னார். மலைக்கு ஆள் கூட்டிப் போவதைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

புதியவர் கேட்க மாட்டார். முக்கியமான விஷயம் இதுதான். இது தெரியாதவர் யாரையும் மலைக்கு அழைத்துப் போகக் கூடாது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க மாட்டார். கால் கடிக்கிறது என்று சொல்ல மாட்டார். தலை சுற்றுகிறது என்பதைக் கடைசி வரை மறைப்பார். நாலு பேர் நடுவே மானம் போகிறதே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டியது கூட்டிப் போகிறவரின் வேலை. நாமோ கூச்சத்தைக் கூட்டுகிறோம். "என்ன மச்சான், அதுக்குள்ளயா?" என்கிறோம். "அந்தப் பாட்டியைப் பாரு, எப்படி ஏறுது" என்கிறோம். இதைக் கேட்ட பிறகு எந்தப் பதினாறு வயசுப் பையன் வாய் திறந்து முடியவில்லை என்பான்?

மலையேறும் கூட்டம் ஒன்றைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். வேகக்காரர்கள் நாலு பேர் ஒரு மண்டபத்துக்கு முதலில் வந்து சேர்கிறார்கள். உட்காருகிறார்கள். தண்ணீர் குடிக்கிறார்கள், கடலை கொறிக்கிறார்கள். கால் மணி நேரம் கழித்து, முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு அந்தப் புதியவர் வந்து சேர்கிறார். அவர் தலையைக் கண்டதும் நாலு பேரும் பேன்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்து, "வந்துட்டாங்க, கிளம்பலாமா?" என்கிறார்கள். ஓய்வு தேவைப்படாத நாலு பேருக்கும் கால் மணி நேர ஓய்வு. ஓய்வு தேவைப்பட்ட ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அடுத்த மண்டபத்திலும் இதே. பிறகு அவருக்கு ஸ்டாமினா இல்லை என்கிறார்கள். அந்த நாலு பேரையும் ஓய்வே இல்லாமல் ஏறச் சொல்லிப் பாருங்கள், யாருக்கு ஸ்டாமினா என்பது தெரிந்துவிடும்.

செஞ்சியின் ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். எவரெஸ்ட் இல்லைதான். ஆனால் அது சுற்றுலாவுக்கு வெட்டிய படி என்று யார் சொன்னது? ஏறி வருகிற எதிரி மூச்சு வாங்கி நிற்க வேண்டும் என்பதற்காகவே மலைமேல் கோட்டை கட்டினார்கள். 1677-இல் சிவாஜி இதைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினார்; கோட்டை 1698-இல்தான் அவர் கைக்கு வந்தது. பீரங்கியும் குதிரையும் வைத்திருந்த படையையே எட்டு வருஷம் தடுத்து நிறுத்திய மலை அது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் வளைத்துக்கொண்டு மதில் ஓடுகிறது. கீழே கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு, காலை நேரத் தெம்பையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு, வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் படியில் கால் வைக்கிறவர்களே அதிகம். முதலில் மரநிழல் இருக்கும். அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். மேலே போகப் போக நிழல் அறுந்துவிடுகிறது. பாறை சூட்டை வாங்கிக் கீழிருந்து முகத்தில் அடிக்கிறது. படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று அரை அடி, அடுத்தது முழங்கால் உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் ஆழமான ஒரு பிளவு, அதன்மேல் பாலம். பழகியவருக்கு அது வேடிக்கை. பழகாதவருக்குக் கால் அங்கேயே உறைந்துவிடும். இத்தனையும் தெரிந்தவர் ஒரு பையனை நடுப்பாறையில் உட்கார வைத்துவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலையும் தன் பையிலேயே வைத்துக்கொண்டு மேலே போகிறார் என்றால் அவரை என்னவென்று சொல்வது?

ஸ்காட்லாந்தில் வில்லியம் நைஸ்மித் என்ற மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்குப்படி ராஜகிரியின் உயரத்துக்காகக் கூட்ட வேண்டியது 24 நிமிடம்தான். அது குளிர் நாட்டில், திடமான ஆளுக்குப் போட்ட கணக்கு. பங்குனி வெயிலில், முதல் தடவை ஏறுகிற நம் அண்ணிக்கும் அத்தைக்கும் அது பொருந்துமா? நம் வேகக்காரர்களுக்கு நைஸ்மித்தைத் தெரியாது, ஆனால் அவர்கள் மனதிலும் இதே மாதிரி ஒரு கணக்குத்தான் ஓடுகிறது. "நான் முக்கால் மணி நேரத்துல ஏறிடுவேன்" என்பார்கள். உங்களை யார் கேட்டது? கூட்டத்தின் நேரம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் நேரம். மற்றவர்களின் நேரம் எதற்கும் உதவாது. எங்கள் குருசாமி கடைசி ஆளின் நடையை வைத்தே நேரம் போடுவார். இருட்டுவதற்குள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அந்த நடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கிளம்பும் நேரத்தைச் சொல்வார்.

அடுத்த பொய், "இன்னும் கொஞ்சம்தான்." இதைச் சொல்லாத வழித்துணை தமிழ்நாட்டில் இல்லை. "பத்து நிமிஷம்தான்", "அந்த வளைவு தாண்டினா வந்துரும்." ஊக்கப்படுத்துகிறார்களாம். நம்பியவர் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் கொட்டிவிடுகிறார். வளைவு தாண்டினால் இன்னொரு வளைவு. அங்கே அவர் உடம்பும் விடுகிறது, உங்கள் மீதிருந்த நம்பிக்கையும் விடுகிறது. இனி நீங்கள் "இந்தப் பக்கம் கால் வைக்காதே, வழுக்கும்" என்று உண்மையைச் சொன்னாலும் காதில் ஏறாது. முக்கால் மணி நேரம் இருக்கிறது என்றால் முக்கால் மணி நேரம் என்று சொல்லுங்கள். ஏறுவதா திரும்புவதா என்பதை அவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

வெயில் விஷயத்தை நம் ஆட்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். உடம்பின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முதலில் தடுமாறுவது புத்தி. அந்த நிலையில் இருப்பவர் "எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க போங்க" என்றுதான் சொல்வார். அவர் சொன்னதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சு குழறுகிறதா, கேட்ட கேள்விக்கு வேறு பதில் வருகிறதா, வேர்த்துக் கொட்டிய உடம்பு திடீரென்று காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். செல்போனில் பார்க்க முடியாது. உச்சியில் நின்றுகொண்டு கீழே கையாட்டிப் பார்க்கவும் முடியாது. பச்சைத் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிக்க வைப்பதும் தவறு. வேர்வையில் உப்பும் போகிறது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் எந்த மருந்துக்கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. பந்தியில் பாயசம் கேட்டவருக்கு இது எதுவும் தெரியாது. பாட்டில் ஏற்றினார்கள், சரியாகிவிட்டது, அதோடு விஷயம் முடிந்தது அவருக்கு. ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்ததால் முடிந்தது. பர்வதமலையில் பாதி ராத்திரி என்றால்?

வெள்ளியங்கிரியை எடுத்துக்கொள்வோம். மாசி, பங்குனி, சித்திரையில் ஏழு மலை ஏறப் போகிற கூட்டத்தில் வருஷா வருஷம் சாவு விழுகிறது. 2024 பருவத்தில் அடுத்தடுத்துப் பலர் இறந்ததை எல்லாப் பத்திரிகையும் எழுதியது. இருதயக் கோளாறும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை அறிவிக்கிறது. யார் கேட்கிறார்கள்? அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, ஆபீஸ் நண்பர்களோடு ராத்திரியில் ஏறத் தொடங்குகிறார்கள். மூன்றாவது மலையில் கூட்டம் சிதறுகிறது. முன்னால் போன நாலு பேர் ஆறாவது மலையில். பின்தங்கிய ஒருவர் இருட்டில், யாரென்று தெரியாத ஆட்களுக்கு நடுவில். ஏதாவது நடந்தால், "ஈசன் கூப்பிட்டுக்கிட்டார்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். ஈசன் மீது பழி போடாதீர்கள். பின்தங்கியவரைத் தனியே விட்டது நீங்கள். பக்தியின் பேரால் இதை மூடி மறைக்கிறவர்களுக்கும் என் பதில் குருசாமிதான். அவரைவிடப் பக்தி உள்ளவர் யார்? நாற்பத்தோரு நாள் விரதம் இருக்கும் காலத்தில் விடியற்காலையில் எழுப்பி, பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்து, கன்னிசாமிகளைச் செருப்பில்லாமல் ஏரிக்கரை வரை நடக்க வைப்பார். காலைத் தூக்கிக் காட்டச் சொல்லி உள்ளங்காலைப் பார்ப்பார். ஐயப்பன் ஏற்றிவிடுவான் என்று அவரும்தான் நம்புகிறார். நம்பிக்கொண்டே உள்ளங்காலையும் பார்க்கிறார். வழியெல்லாம் முன்னால் ஒருவர் சரணம் சொல்ல, பின்னால் இருப்பவர் பதில் சரணம் சொல்கிறார். பதில் வரவில்லை என்றால் குருசாமி கோலை ஊன்றி நின்றுவிடுவார். கடைசிக் குரல் கேட்கும் வரை கூட்டம் நகராது.

சபரிமலை மரபே கன்னிசாமியை நடுவில் வைத்துக் கட்டியது. அழுதை ஆற்றில் கல் எடுத்துக் கல்லிடும் குன்றில் போடுவது கன்னிசாமி. சரங்குத்தியில் சரம் குத்துவது கன்னிசாமி. கன்னிசாமி யாரும் வராத வருஷத்தில் மாளிகைப்புறத்தம்மனை ஐயப்பன் மணப்பதாகக் கதை. வருஷம் தவறாமல் புதியவர் வந்துகொண்டே இருப்பதால் அம்மன் காத்திருக்கிறாள். அந்த மலையில் புதியவர்தான் முக்கியமானவர். செஞ்சிக்குப் போகும்போது மட்டும் அவர் எப்படிச் சுமையாகிறார்?

குரங்கணியையும் சொல்லியாக வேண்டும். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழி. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழு. காட்டுத்தீயில் மாட்டி 23 பேர் இறந்தார்கள். அதில் பலர் மலைக்குப் புதியவர்கள், பெண்கள் நிறைய. காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். மலையடிவாரத்தில் பிறந்தவருக்கு இது சின்ன வயசிலேயே தெரியும். நகரத்திலிருந்து முதல் தடவை வந்தவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரியாததைத் தெரிந்து வைத்திருப்பதற்காகத்தான் கூட ஒருவர் போகிறார். அந்தச் சாவுகளுக்குப் பிறகு அதே வருஷம் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களைப் பழக்கி வழிகாட்டிகளாக வைத்தது. தீக் காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் நம்மவர்கள் இதிலும் குறை காண்கிறார்கள். "வழிகாட்டிக்கு எதுக்குக் காசு? எனக்கே வழி தெரியும்." வழி உங்களுக்குத் தெரியும். உங்களோடு வருகிற ஆளின் மூச்சு உங்களுக்குத் தெரியுமா?

பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பேசுகிறேன். குடும்பமாகப் போகும்போது பின்தங்குவது பெரும்பாலும் மனைவி, அண்ணி, சித்தி. கணவர் முன்னால் போய்ப் பாறை மேல் நின்று, "வா வா, வேகமா வா" என்று கைதட்டுகிறார். அந்த அம்மாள் ஏன் மெதுவாக வருகிறார்? காலில் வீட்டுச் செருப்பு. உடம்பில் ஆறு கஜம் புடவை. இடுப்பில் குழந்தை, தோளில் சோற்றுக்கூடை. எல்லாவற்றுக்கும் மேல், காலையிலிருந்து அவர் தண்ணீர் குடித்திருக்க மாட்டார். மலைமேல் ஒதுங்க இடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்புகிறார். கூட வந்த ஆண்களுக்கு இது உறைப்பதே இல்லை, அவர்கள் எந்த மறைவிலும் ஒதுங்கிவிடுவார்கள். 2025 ஜூலையில் மராத்தியரின் ராணுவத் தளங்கள் என்று 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியிலிருந்து அதில் இடம்பிடித்த ஒரே கோட்டை செஞ்சி. நமக்குப் பெருமைதான். அந்தப் பெருமையைப் பேனரில் போட்டவர்கள், ஏறுகிற பெண்கள் வழியில் எங்கே ஒதுங்குவார்கள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். உலகம் பார்க்க வருகிற இடம் என்றால் நம் வீட்டுப் பெண்கள் பயமில்லாமல் தண்ணீர் குடித்துவிட்டு ஏறக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும்.

பந்தியில் பெரியவர் கேட்டாரே, தெம்பு எங்கே என்று. அதற்கும் பதில் சொல்கிறேன். நம் பள்ளிக்கூடங்களில் அது கரைந்து போயிற்று. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். பதினொன்றாம் வகுப்பில் அந்தப் பீரியடே பேருக்குத்தான். காலையில் வேன், சாயங்காலம் டியூஷன், ராத்திரி வேன். பிள்ளை வீட்டு வாசலிலிருந்து தெருமுனைக்குக்கூட நடப்பதில்லை. மதிப்பெண்ணுக்காக அவன் காலைப் பிடுங்கிக்கொண்டோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கொண்டுபோய் 800 அடி மலையின் கீழே நிறுத்தி, ஏறு என்கிறோம். முடியாமல் உட்கார்ந்தால் அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரிக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

செல்போனையும் விட்டுவிட முடியாது. உச்சியில் நிற்கும் படம் ஒன்று வேண்டும். அதற்காகத்தான் பாதிப்பேர் ஏறுகிறார்கள். அந்தப் படத்தில் பாதி வழியில் உட்கார்ந்தவர் இருக்க மாட்டார். மேலே போகாமல் எல்லாரும் திரும்பினால் போட ஒன்றும் இருக்காது. அதனால் திரும்ப மனம் வருவதில்லை. ஒரு ஆளுக்கு முடியவில்லை என்றால் இரண்டே வழிதான்: அவரோடு ஒருவர் தங்க வேண்டும், அல்லது எல்லாரும் திரும்ப வேண்டும். தங்குகிறவர் கூட்டத்திலேயே அதிகம் பழகியவராக இருக்க வேண்டும். "நீயும் புதுசு, அவனும் புதுசு, ரெண்டு பேரும் இங்கயே இருங்க" என்று விட்டுப்போவது தனியாக விடுவதைவிட ஒரு மாற்றுக்கூட உயர்ந்ததில்லை. கோட்டை நூற்றாண்டுகளாக அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும்.

இறங்கும்போதுதான் அதிகம் விழுகிறார்கள் என்பதையும் நம் ஆட்கள் நம்புவதில்லை. ஏறியாயிற்று, வேலை முடிந்தது என்று ஓடி இறங்குகிறார்கள். ஏற்றத்தில் களைத்த தொடை, இறக்கத்தில் முழு உடம்பையும் ஒவ்வொரு படியிலும் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கால்பட்டு மழமழவென்று தேய்ந்த படி. புதியவருக்கு முழங்கால் வெடவெடக்கும். இங்கே குருசாமி இடம் மாறுவார். ஏற்றத்தில் பின்னால் வந்தவர் இறக்கத்தில் முன்னால் வருவார். இரண்டிலும் அவர் நிற்பது பையனுக்குப் பள்ளத்துப் பக்கம்தான். விழுந்தால் தன் மேல் விழட்டும் என்று நிற்கிறார். மூட்டுவலியோடு. நம் வேகக்காரர்கள் ஏற்றத்தில் மேட்டுப் பக்கம், இறக்கத்தில் அடிவாரத்தில் இளநீர்க் கடையில். ஒரு தடவையாவது, ஒரே ஒரு படியிலாவது, புதியவருக்குப் பள்ளத்துப் பக்கம் நின்றதுண்டா?

"எல்லாரும் கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டோம், அவனும் படட்டும்" என்பார்கள். இல்லை. அப்படி ஒருநாள் பட்டவர் மறுபடி மலைக்கு வருவதே இல்லை. பந்தியில் கேட்ட கதையில் வந்த பையன் இனி ஜென்மத்துக்கும் செஞ்சிப் பக்கம் தலை வைப்பானா? தன் உடம்பு எதற்கும் லாயக்கில்லை என்று பதினாறு வயதில் முடிவு கட்டியிருப்பான். குருசாமி கூட்டிப்போன கன்னிசாமிகள் அடுத்த வருஷமும் மாலை போடுகிறார்கள். அதற்கடுத்த வருஷமும் போடுகிறார்கள். அவர்களில் ஒருவர் பதினெட்டாவது வருஷம் தென்னங்கன்றோடு நிற்கிறார்.

இந்த வருஷம் செஞ்சிக்கோ பர்வதமலைக்கோ கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். புதியவர் ஒருவரை அழைக்கிறீர்கள் என்றால் உச்சியை மறந்துவிட்டு அழையுங்கள். அவருடைய செருப்பை முதல் நாளே பாருங்கள். உங்கள் பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுங்கள். அவரை முன்னால் விட்டு, அவர் நடைக்கு நீங்கள் நடங்கள். கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்துவிட்டால் எந்த இடமாக இருந்தாலும் திரும்புங்கள். இதெல்லாம் முடியாது, எனக்கு என் வேகத்தில் ஏற வேண்டும் என்றால் தாராளமாக ஏறுங்கள், தனியாகப் போங்கள். அந்தப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.